கலவாப் பாரும் ஒரு காதுகுத்தும்

எனக்கு மாமல்லபுரத்துப் பைத்தியம் பிடித்து எட்டு வருடம் இருக்கும். ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை என்று எல்லோரும் போய்ப் படம் எடுத்துக்கொள்கிற பைத்தியம் இல்லை. அது ஒரு காலத்தில் துறைமுகம், பல்லவர் படை அங்கேதான் கப்பலேறி இலங்கைக்குப் போனது என்கிறார்களே, அந்தக் கப்பல்கள் சரியாக எந்த இடத்தில் நின்றன என்கிற பைத்தியம். வீடு செங்கல்பட்டில், வேலை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவேன். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, அதைப் பார்க்க இந்த வீட்டில் ஆளில்லை, ஆயிரம் வருசத்துக்கு முந்தி கப்பல் எங்கே நின்றது என்று பார்க்க மட்டும் ஆள் இருக்கிறது என்பாள் மனைவி. அவள் சொன்னது நியாயம்தான். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

என்னைப் போன்றவர்கள் அறுபது எழுபது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். அலுவலகத்தில் என்னை ஒருவரும் சட்டை செய்வதில்லை. அந்தக் குழுவிலோ நான் பெரிய மனிதன். ஒரு படம் போட்டால் நாற்பது கைத்தட்டல் விழும். அந்தக் கைத்தட்டலுக்காக நான் என்னவெல்லாம் செய்வேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

கரையிலிருந்து பார்த்தது போதும், கடலிலிருந்து பார்க்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றியது. அன்றைக்குக் கப்பலில் வந்தவன் கண்ணுக்கு அந்த ஊர் எப்படித் தெரிந்திருக்கும்? பக்கத்தில் தீவுகள் இருந்தனவா? மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் விசாரித்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே ஃபைபர் படகு வைத்திருந்த ஒருவர், என் வயதுதான், நாற்பதைத் தாண்டியவர், எதுக்கு என்று கேட்டார். மற்றவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. நான் பல்லவர் கதையை அரைமணி நேரம் அளந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அவனுங்களும் மொத அலையில வாந்தி எடுத்துகினுதான் போயிருப்பானுங்கோ" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அடுத்த ஞாயிறு காலை கிளம்பினோம். வழக்கமாக அவரோடு படகில் போகிறவர் அவருடைய மனைவியின் அண்ணன், அதாவது மச்சான். அன்றைக்கு அவர் முட்டுக்காட்டில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். அதனால் படகில் நாங்கள் இரண்டே பேர். முதல் அலையைத் தாண்டும்போதே நான் வாந்தி எடுத்தேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வெளியே போய்த் திரும்பிப் பார்த்தால் கரை வேறு ஊராக இருந்தது. கடற்கரைக் கோயில் கட்டைவிரல் அளவுக்கு நின்றது, அதன் பின்னால் கலங்கரை விளக்கம், எங்கோ உள்ளே தள்ளித் திருக்கழுக்குன்றத்து மலை. பல வருடம் புத்தகத்தில் தேடியது ஐந்து நிமிடத்தில் புரிந்தது. சத்தியமாக எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தண்ணீர் வற்றும் நேரத்தில் தலைகாட்டுகிற மூன்று பாறைகளிடம் கூட்டிப்போனார். இவைதான் தீவுகள் என்று நான் அறிவித்தேன். இரண்டு காக்கா உட்கார இடமில்லை, இதைப் போய்த் தீவு என்கிறாயே என்று கேலி செய்தார். நான் விடாமல் ஒன்றின் மேல் கால் வைத்து, பாசியில் வழுக்கி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, ராஜராஜன் கணக்காய் நின்று படம் எடுத்துக்கொண்டேன். எடுத்ததும் அவர்தான்.

திரும்பும் வழியில் எஞ்சினை மெதுவாக்கினார். ஃபோனைப் பையில் போடு என்றார். போட்டேன். கரையைப் பார்த்துப் பார்த்துப் படகை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். கரையில் இருப்பவற்றில் எதெது ஒன்றாகச் சேர வேண்டும், மலை எதற்கு நேரே வர வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அந்த அளவுக்காவது புத்தி வந்திருக்கிறது. சரியான இடம் வந்ததும் சிறிய வட்டமாகச் சுற்றி நிறுத்தினார்.

"இதுதான் சார் என்னோட தீவு. மேல தெரியாது, அடியில கீது" என்றார்.

கடலடியில் இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். அங்கே கலவா மீன் குடும்பம் குடும்பமாகக் குடியிருக்கும். வலை போட முடியாது, பாறையில் மாட்டிக் கிழிந்துவிடும். தூண்டில் மட்டும்தான். அந்தப் பாரைக் கண்டுபிடித்தது அவருடைய மாமனார். சாவதற்கு முன் மகனுக்கும் மருமகனுக்கும் மட்டும் காட்டிக்கொடுத்திருந்தார். மற்ற படகுகள் எதுவும் கண்ணில் படாத நாளில்தான் இருவரும் அங்கே வருவார்களாம். மழைக்காலத்தில் மற்ற இடத்தில் மீன் படாதபோது இரண்டு குடும்பத்துக்கும் சோறு போடுவது அதுதான். ஊரிலே அப்படி ஒரு வழக்கம்: ஒருவன் பாரை இன்னொருவன் கேட்க மாட்டான், தெரிந்தவன் வாய் திறக்க மாட்டான். பெண்டாட்டிக்குக்கூட இடம் தெரியாது என்றார். பிறகு எனக்கு ஏன் காட்டினீர்கள் என்று கேட்டேன். நீ பல்லவன் துறைமுகத்தை எனக்குக் காட்டினாயே என்றார். மூன்றாவது ஆள் நான். முழங்கை நீளத்துக்கு இரண்டு கலவா பிடித்து, பெரியதை எனக்குக் கொடுத்தார். என் மனைவி குழம்பு வைத்தாள். தெருவே மணந்தது.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாம் போகிற தடத்தை எல்லாம் வரைபடத்தில் கோடாக இழுத்து வைக்கிற கடிகாரம். காலையில் நடைப்பயிற்சிக்குப் போட்டதை நிறுத்த மறந்திருந்தேன். கரையிலிருந்து கிளம்பி, மூன்று பாறையைச் சுற்றி, திரும்பும் வழியில் ஒரு சின்ன முடிச்சு போட்டுக் கரைக்கு வந்த கோடு அப்படியே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஃபோனைத்தானே பையில் போடச் சொன்னார், கடிகாரத்தைச் சொல்லவில்லையே என்று ஒரு நியாயம் மனதில் வந்தது. அந்த நியாயம் வந்தபோதே எனக்குத் தப்பு தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? தெரியாதவன் எதற்கு நியாயம் தேடுகிறான்?

பல்லவர் துறைமுகத்தின் தீவுகள் என்று தலைப்புக் கொடுத்து, பாறை மேல் நிற்கும் படத்தையும் அந்தக் கோட்டையும் குழுவில் போட்டேன். கைத்தட்டல் குவிந்தது. யாரோ ஒருவர், முகம்கூடத் தெரியாதவர், அந்த முடிச்சு என்ன என்று கேட்டார். சும்மா இருந்திருக்கலாம். வாய்க்கொழுப்பு. அங்கே கடலுக்கு அடியில் இன்னொரு தீவு இருக்கிறது, கலவா மீன் கொட்டிக் கிடக்கிறது என்று பதில் போட்டேன். சிரிக்கும் முகம் ஒன்றையும் சேர்த்துப் போட்டேன்.

நாலு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. மறுபடி கடலுக்குப் போகலாமா என்று கேட்கத்தான் ஃபோன் செய்தேன். நேரில் வா என்றார், குரலே சரியில்லை. போனேன். வலை பின்னுகிற கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரில் என்னை உட்கார வைத்துக்கொண்டு, அண்ணன் தம்பியிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னார். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிற பட்டணத்து ஆட்கள் திரையில் இடம் காட்டும் கருவியோடு வாடகைப் படகில் நேராக அவருடைய பாருக்கு வந்திருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை. அவர்களைப் பார்த்து வேறு ஊர்ப் படகு ஒன்று வந்து வலையே போட்டிருக்கிறது. வலை பாறையில் மாட்டிக்கொள்ள, அறுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது பாரின் மேல் வலை போர்த்திக் கிடக்கிறது. அதில் மாட்டிச் செத்த மீன் மிதந்து வருகிறது. இனி அங்கே ஒன்றுமில்லை என்றார்.

"தெரிஞ்சது ரெண்டு பேருக்குத்தான் சார். நான் சொல்லல. அப்போ யாரு?" என்றார்.

மச்சான் கொஞ்ச நாளாக முட்டுக்காட்டுப் பக்கம் இதேபோல் தூண்டில் ஆட்களைப் படகில் கூட்டிப்போய்க்கொண்டிருந்தாராம். அது போதாதா? கரையில் வைத்து நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார். மச்சான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்றிருக்கிறார். இவர் நம்பவில்லை. அப்பன் கண்டுபிடித்த இடத்தை விற்றுத் தின்றவன் என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தைக்குப் பிறகு மச்சான் படகில் ஏறவில்லை. குடும்பத்தோடு முட்டுக்காட்டுக்கே போய்விட்டார்.

மூன்றாவது ஆள் நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் அவர் நினைப்பே போகவில்லை. நம்பி நம்பியே என்னைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார். கடைசியில் நான் சொன்னது என்ன தெரியுமா? அப்படியா, நம்பவே முடியவில்லையே என்றேன். சீ, இப்போது எழுதும்போதும் முகம் சுடுகிறது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, முதல் வேலையாகக் குழுவில் போட்டதை அழிக்கப் பார்த்தேன். நாளாகிவிட்டதால் என் ஃபோனில் மட்டும்தான் அழிந்தது. மற்ற அறுபது பேரிடமும் அப்படியே இருக்கிறது. குழுவைவிட்டு வெளியேறினேன். வேலைப்பளு என்று காரணம் சொன்னேன்.

சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று மூன்று வாரத்தை ஓட்டினேன். அதற்குள் அவரே அழைத்தார். பெண் குழந்தைக்குக் காதுகுத்து, கட்டாயம் வர வேண்டும் என்றார். மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். கங்கையம்மன் கோயில் முன்னால் பந்தல், ஒலிபெருக்கி, பிரியாணி வாசனை. குழந்தைக்கு இரண்டரை வயது. மொட்டை அடித்துச் சந்தனம் பூசி உட்கார வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் இல்லை. அவர் முந்தின நாளே உறவுக்காரர் மூலம் தோட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். இவர் வாங்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். யார் மடியில் என்று பெரியவர்கள் கேட்டார்கள். படகுக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"நீ குந்து சார். அவ கூடப் பொறந்தவன் துரோகம் பண்ணிட்டான். நீ பண்ண மாட்ட" என்றார்.

மாட்டேன் என்று சொல்ல ஆயிரம் வழி இருந்தது. எனக்கு அந்த முறை இல்லை, நான் வேறு ஊர்க்காரன், கால் வலிக்கிறது என்று எதையாவது உளறியிருக்கலாம். உண்மையையே சொல்லியிருக்கலாம். என் மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நான் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். தோளில் புதுத் துண்டு போட்டார்கள்.

குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தது அவருடைய மனைவி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குழந்தையின் பாவாடையைச் சரி செய்கிற சாக்கில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படிச் சொன்னாள்.

"எங்கண்ணன் பஸ் ஸ்டாப்புல நின்னுகினு கீது சார். காலையிலேந்து நிக்கிது. நீ ஒரு வார்த்த சொன்னா இவுரு கேப்பாரு."

பந்தலிலிருந்து பார்த்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையும் பஸ் ஸ்டாப்பும் தெரிந்தன. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையில் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தார். கூப்பிடு தூரம். அப்புறம் பேசுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அப்புறம் என்று சொன்னேன்! அவள் பாவாடையை விட்டு நிமிர்ந்தாள். நகர்ந்து நின்றுகொண்டாள்.

ஆசாரி வலது காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டு என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. இடது காது குத்தும்போது ஒலிபெருக்கியில் பாட்டை உயர்த்தினார்கள். நான் குழந்தையின் மொட்டைத் தலையைத் தடவிக்கொடுத்தேன். சந்தனம் கையெல்லாம் அப்பியது. நிமிர்ந்து பார்த்தபோது பஸ் ஸ்டாப்பில் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்னை சார் என்று சொல்வது நின்றுவிட்டது. படகுக்காரர் மனைவி அண்ணா என்றாள். குழந்தையிடம் ஃபோனைக் கொடுத்து மாமாவிடம் பேசு என்பாள். அதுவும் மழலையில் மாமா மாமா என்று கத்தும். ஒருமுறை கருவாடும் நெத்திலிப் பொடியும் செங்கல்பட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். அண்ணன் வீட்டுக்கு வருசா வருசம் கொடுப்பது, இந்த வருசம் உங்களுக்கு என்றாள். என் மனைவி டப்பாவைத் திறந்து வாசனை பார்த்துச் சந்தோஷப்பட்டாள். நான் அதைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றேன். எத்தனை நாளைக்கு வயிறு சரியில்லாமல் இருக்கும்?

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டுக் கிளம்பினேன். அதே வலைக் கூடம். அவர் தூண்டிலுக்கு முள் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். கடிகாரம், கோடு, குழு, முடிச்சு என்ன என்று கேட்டவர், நான் போட்ட பதில், சிரிக்கும் முகம் உட்பட ஒன்றுவிடாமல் சொன்னேன். உங்கள் மச்சான் ஒரு தப்பும் செய்யவில்லை, நான்தான் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் கையிலிருந்த முள்ளைக் கீழே வைத்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புள்ளய மடியில வச்சிகினு குந்தினியே, அப்பவே தெரியுமா உனக்கு?"

பாரைப் பற்றி அவர் கேட்கவில்லை. வலையைப் பற்றிக் கேட்கவில்லை. இதைத்தான் கேட்டார். எதைச் சொல்ல வேண்டும் என்று வந்தேனோ அது முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருந்தது.

"தெரியாது" என்றேன். "போன வாரம்தான் தெரிஞ்சது."

எப்படி வந்தது அந்தப் பொய் என்று எனக்குத் தெரியவில்லை. யோசிக்கவே இல்லை, அதுவாக வந்தது. அவர் முகம் அப்படியே இளகியது. பெருமூச்சு விட்டார். தெரியாமல் செய்ததுதானே, உனக்கு இந்தக் கடல் வழக்கமெல்லாம் எங்கே தெரியப்போகிறது, கடிகாரத்தைக் கழற்றச் சொல்லாதது என் தப்பு என்று என்னையே தேற்ற ஆரம்பித்துவிட்டார். தெரிந்த உடனே ஓடி வந்து சொன்னாயே, அதற்கு ஒரு மனசு வேண்டும் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே முட்டுக்காட்டுக்குப் போக வேண்டும் என்று துடித்தார். அவரும் மனைவியும் குழந்தையும் ஒரு வண்டியில், நான் பின்னால் என் வண்டியில். மச்சான் வீடு கழிமுகத்தை ஒட்டி இருந்தது. தண்ணீருக்கு நடுவே மணல் திட்டுகள், அவற்றின் மேல் நாரைகள். வேறு நாளாக இருந்தால் அவற்றையும் தீவு என்று படம் எடுத்திருப்பேன். அவர் வாசலிலேயே மச்சான் காலில் விழப்போனார். மச்சான் தோளைப் பிடித்துத் தூக்கினார். இரண்டு பேரும் அழுதார்கள். அவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். நடந்ததையெல்லாம் அவரே சொன்னார், என் பங்கையும் எனக்கு வலிக்காதபடி அவரே சொன்னார்.

மச்சான் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அது அவரை மறந்திருந்தது. இறங்கி ஓடி வந்து, மாமா என்று என் காலைக் கட்டிக்கொண்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே எழுந்து என்னிடம் வந்தார். குனிந்து குழந்தையின் காதைத் தொட்டுப் பார்த்தார். புண் ஆறி நன்றாகக் கூடியிருந்தது. பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தெரியாம நடந்தது, வுடு சார். நான் நிக்க வேண்டிய எடத்துல நீ நின்ன. அது போதும்."

அவர் கையை விடாமல் பிடித்திருந்தார். எல்லோரும் பக்கத்தில்தான் இருந்தார்கள். அப்போதும் நான் சொல்லவில்லை.